ஒரு கொக்கியும் ஏழு கை உப்பும்

"கையை இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்கம்மா" என்று படம் எடுக்க வந்த பெண் சொன்னாள்.

தூக்கினேன். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் குழித்து, கோயிலில் பொங்கல் வாங்குகிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே இசக்கி மைனி. அவள் கையில் ஒரு கை உப்பு. எங்கள் தலைக்கு மேலே நீளக் கம்பு ஒன்று. அதன் நுனியில் பூனைக்குட்டி மாதிரி முடி முளைத்த ஒரு மைக். வெயில் பாத்தித் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. உப்பளத்தில் நிழல் என்றால் நம் காலுக்கடியில் கிடக்கிறது மட்டும்தான்.

இசக்கி மைனி காமிராவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை சொல்லு என்கிற பார்வை.

நான் சொல்லவில்லை. கையை இன்னும் கொஞ்சம் தூக்கினேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. இப்போது நினைத்தாலும் உள்ளங்கை கரிக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் மருமகள், "பேசத் தெரியாதுன்னு சொல்லிட்டு இவ்வளவு பேசுதியளே அத்தை" என்றாள். எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. அதுதான் காரணம். என் முகத்தை யாராவது பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் போட்டோவில் என் வகிடும் பூவும் மட்டும்தான் இருக்கும். வாக்காளர் அட்டையில் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். இப்படிப்பட்டவளைத்தான் ஒரு படத்துக்கு நாயகி ஆக்கினார்கள்.

படகுப் பெயிண்ட்

எங்கள் தெரு, திரேஸ்புரத்துக்கு வடக்கே ஊர் முடிந்து உப்பளம் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. தெரு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பாதி வீடு ஓடு, பாதி தகரம். மழை பெய்தால் இரண்டும் ஒன்றுதான். ஆண்களில் சிலர் படகில் கூலிக்குப் போவார்கள். மற்ற எல்லாரும் அளத்து வேலை.

நந்தினி சென்னையிலிருந்து வந்தவள். ஒல்லியான பெண், கட்டை முடி, தோளில் துணிப்பை. எங்கள் வாழ்க்கையை ஆவணப்படமாக எடுக்கப் போவதாகச் சொன்னாள். நடிப்பு கிடையாது, பாட்டு கிடையாது, உள்ளதை உள்ளபடி எடுப்போம் என்றாள். பார்க்கிறவர்களுக்கு உங்கள் கஷ்டம் தெரிய வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், எங்களுக்காக எந்த ஏற்பாடும் செய்யாதீர்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

விருந்தாளி ஏற்பாடு எதுவும் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு எங்கள் பக்கம் என்ன அர்த்தம்? நன்றாக ஏற்பாடு செய்யுங்கள் என்றுதானே.

மூன்று நாள் தெரு தூங்கவில்லை. சாக்கடை ஓரம் சுண்ணாம்புத்தூள் போட்டார்கள். வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். கோழிகளைக் கூடையில் கவிழ்த்து மூடினார்கள். கிழிந்த பாய், உடைந்த வாளி எல்லாம் வீட்டுக்குப் பின்னால் போனது. நான் ஒருபடி மேலே போனேன். என் மகன் வேலை பார்த்த படகுக்கு அடித்தது போக மிச்சம் நீலப் பெயிண்ட் ஒரு டப்பாவில் கிடந்தது. அதை எடுத்து வீட்டு முன்சுவர் முழுக்க நானே அடித்தேன். கடல் தண்ணீருக்கே கரையாத பெயிண்ட், சுவரில் எப்படி மின்னும். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரு படகு தரைதட்டி நிற்கிற மாதிரி இருந்தது.

அந்தப் பெயிண்டுக்கு ஒரு குணம் உண்டு. உப்புக்காற்றில் லேசில் காயாது. அது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வரும் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை.

நந்தினி வந்து இறங்கினாள். தெருவை இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். வாடகைக்கு எடுத்த சிவப்பு நாற்காலிகள், பட்டுச்சேலை கட்டிய பெண்கள், நடுவே என் நீல வீடு. அவள் முகம் போன போக்கைப் பார்த்தால், சாவு வீட்டுக்கு வந்தவள் கல்யாண வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. காமிராக்காரர் களைப்பாக என் சுவரில் சாய்ந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகு அன்றோடு நீலம்.

"தினமும் எப்படி இருப்பீங்களோ அப்படி இருங்களேன்" என்று நந்தினி கெஞ்சினாள்.

"தினமும் நீங்க வந்தா தினமும் இப்படித்தான் இருப்போம்" என்றாள் இசக்கி மைனி.

மைனியும் நானும்

இவளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அண்ணி முறை வைத்து மைனி என்று கூப்பிடுகிறேனே தவிர சொந்தம் ஒன்றும் கிடையாது. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். நான் வாக்கப்பட்டு வந்த புதிதில் அளத்துக்குப் போன முதல் நாள், செருப்போடு பாத்திக்குள் இறங்கி வழுக்கி விழுந்தேன். சேலையெல்லாம் உப்புத் தண்ணீர். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு இவள்தான் வந்து தூக்கினாள். சேலைக்கு மேலே போட்டுக்கொள்ளத் தன் வீட்டுக்காரர் சட்டை ஒன்று கொடுத்தாள். காலில் உப்பு அறுக்காமல் இருக்க, பழைய டயர் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டவும் சொல்லிக்கொடுத்தாள்.

அன்றிலிருந்து நாங்கள் ஜோடி.

அளத்தில் ஜோடி என்றால் என்ன என்று வெளியாட்களுக்குத் தெரியாது. உப்பு நிறைந்த சட்டியை யாரும் தன் தலையில் தானே ஏற்றிக்கொள்ள முடியாது. குனிந்து நிற்க வேண்டும். இன்னொருத்தி தூக்கி வைக்க வேண்டும். எனக்கு அவள் ஏற்றிவிடுவாள், அவளுக்கு நான். எனக்குக் கழுத்தில் இடது பக்கம் ஒரு வலி உண்டு. நான் அதை யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும் சொன்னதில்லை. எத்தனையோ வருஷமாக அவள் சட்டியை வலது பக்கம் ஒரு விரற்கடை தள்ளித்தான் வைப்பாள்.

அவள் பேச்சுக்காரி. கூலி குறைந்தால் கணக்கப்பிள்ளையிடம் போய் நிற்பது அவள்தான். அவள் முதுகுக்குப் பின்னால் நிற்பது நான். படம் எடுக்க வருகிறார்கள் என்றதும் நாங்கள் சுவருக்கு வெள்ளையும் பெயிண்டும் அடித்தோம். அவள் மட்டும் அடிக்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று நாளும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

கொக்கி

தெருவில் வெள்ளையோ பெயிண்டோ படாத சுவர் அவள் வீட்டுச் சுவர் ஒன்றுதான். அதனால் அங்கேயே காமிராவை வைத்தார்கள். இசக்கி மைனி ஒரு மணி நேரம் பேசினாள். மழை மாதங்களில் வேலை இல்லாததைச் சொன்னாள். வெள்ளை வெயிலில் கண் மங்குவதைச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் மேலே, அளத்தில் பெண்கள் ஒதுங்க ஓர் இடம் இல்லை என்பதைச் சொன்னாள். அதற்காகத்தான் வாயைத் திறக்கிறேன் என்றாள். நந்தினி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் மருமகளின் பட்டுச்சேலையைக் கட்டி, அவளுடைய ரவிக்கையைப் போட்டிருந்தேன். மருமகள் என்னில் பாதி. "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றாள் நந்தினி. சொல்லலாம் என்று மூச்சை இழுத்தேன். மேல் கொக்கி பட்டென்று தெறித்தது.

யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் வெடி வெடித்த மாதிரி கேட்டது. அடுத்த கொக்கியும் ஒரு நூலில்தான் நிற்கிறது என்று உடம்புக்குத் தெரிந்தது. இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டேன். மூச்சை விடவில்லை. யார் முகத்தையும் பார்க்க வெட்கப்பட்டுக் கிழக்கே கடலைப் பார்த்தேன். வெட்கத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது.

நந்தினி இன்னொரு கேள்வி கேட்டாள். நான் கடலையே பார்த்தேன். காமிராக்காரர் மெல்ல நடந்து கிட்டே வந்தார்.

முடிந்ததும் நந்தினி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். நான் கையை எடுக்கவில்லை, எடுத்தால் மானம் போய்விடும். "அம்மா, நீங்க ஒரு வார்த்தை பேசல. ஆனா எல்லாத்தையும் சொல்லிட்டீங்க" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

ஒரு ஊக்கு கிடைக்குமா என்று கேட்கத்தான் எனக்கு ஆசை.

கீழே வைத்து எடுக்கிற பொருள்

மறுநாள் அளத்துக்கு வந்தார்கள். அங்கே எங்கள் பழைய சட்டை, டியூப் கட்டிய கால் எல்லாம் பார்த்து நந்தினிக்கு உயிர் வந்தது. அங்கேதான் அந்த யோசனை சொன்னாள்: இசக்கி அம்மா ஒரு கை உப்பை எடுத்து உங்கள் கையில் கொட்டட்டும்.

எங்கள் பக்கம் உப்பைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும். பக்கத்து வீட்டுக்காரி உப்புக் கேட்டால் கிண்ணத்தைத் தரையில் வைப்போம், அவள் எடுத்துக்கொள்வாள். வீட்டில் இப்படி என்றால் உப்பையே மலையாகக் குவிக்கிற அளத்தில் கேட்கவே வேண்டாம். சட்டியில் கொடுப்போம், பலகையில் தள்ளுவோம். கைக்குக் கை கிடையாது.

"அது மட்டும் வேண்டாம் பாப்பா" என்று இசக்கி மைனி சொன்னாள். காரணத்தையும் சொன்னாள்.

நந்தினி சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் அப்படி நினைக்கிறீங்களாம்மா?"

ஒருவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வராது. வெட்கம் என்று இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு அது மட்டும் இல்லை. முந்தின நாளிலிருந்து எனக்கு அந்தக் காமிரா பிடித்துப்போயிருந்தது. வாயைத் திறக்காமலே பேர் வாங்கினால் யாருக்குத்தான் கசக்கும்.

கையை நீட்டினேன். அவள் கொட்டினாள். வெளிச்சம் சரியில்லை என்றார்கள். மறுபடியும் கொட்டினாள். மேகம் வந்தது, மறுபடியும். மொத்தம் ஏழு தடவை. ஒரு தடவை கொடுத்தாலே சண்டை என்றால் ஏழு தடவைக்கு என்ன கணக்கோ.

வீட்டுக்குப் போகும் வழியில் மைனி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நீ சொல்லியிருக்கலாம்ளா."

வாய்

சித்திரை வாக்கில் படத்தின் துண்டு ஒன்று எல்லார் செல்போனிலும் வந்தது. நான் கடலைப் பார்க்கிறேன். ரொம்ப நேரம் பார்க்கிறேன். அப்புறம் உப்பு விழுகிற என் கை. உப்புக் கொட்டுகிற கை யாருடையது என்றே தெரியவில்லை. இசக்கி மைனி பேசியதில் ஒரு வார்த்தை இல்லை. படம் முழுக்கவே அவள் பேச்சு இல்லையாம், அரை மணி நேரப் படத்தில் இடம் போதவில்லையாம். மைனி வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை. துண்டுப் படத்தை இன்னொரு தடவை பார்த்தேன்.

மறுநாள் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றோம். மைனி யாரையும் பார்க்காமல், "வாயத் தொறக்காதவளுக்குத்தான் இப்பம் மவுசு" என்றாள்.

அவள் ஆற்றாமையில் சொன்னது. தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தால் தீர்ந்திருக்கும். தலை குனிவதில் எனக்கு அறுபது வருஷப் பழக்கம் உண்டு. ஆனால் அன்றைக்குப் பார்த்து எனக்குப் பேச்சு வந்தது.

"உன் வாய்க்குப் பயந்துதான் உன்னை வெட்டி எடுத்துட்டாவ" என்றேன்.

மைனி பாதி நிறைந்த குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் அளத்தில் சட்டியை நிறைத்து வைத்துவிட்டுக் குனிந்து நின்றேன். யாரும் தூக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், அந்தப் பக்கம் மைனி வேறொருத்திக்கு ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் யாரோ ஒரு சின்னப் பெண் வந்து எனக்குத் தூக்கி வைத்தாள். சட்டி இடது பக்கம் உட்கார்ந்தது.

நாலு மாதம் இப்படிப் போனது. படத்தில் நாயகி, பாத்தியில் யார் வந்து ஏற்றிவிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறவள். அவளிடம் போய்ப் பேச எத்தனையோ தடவை எழுந்தேன். பேசத் தெரியாதவள், பேசின ஒரே பேச்சும் அது. அதன் மேல் என்னத்தைப் போய்ப் பேச?

குளிர்ந்த மண்டபம்

ஆவணியில் ஒரு ஞாயிறு சாயங்காலம், டவுனில் ஒரு மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். வேன் வைத்து எங்களைக் கூட்டிப்போனார்கள். இசக்கி மைனியும் வந்தாள். வேனில் முன்பக்கம் உட்கார்ந்தாள், நான் பின்பக்கம். மண்டபத்தில் நான் முன்வரிசை, அவள் கடைசி வரிசையில் வாசல் பக்கம்.

ஏசிக் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விளக்கை அணைத்தார்கள். பெரிய திரையில் என் முகம், ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு. என் மூக்குத்தியே தட்டு மாதிரி இருந்தது. கடலைப் பார்க்கிறேன். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எனக்கு மட்டும் அந்த இரண்டாவது கொக்கிதான் ஞாபகம். இப்போது தெறிக்குமோ, இப்போது தெறிக்குமோ என்று பயந்துகொண்டே பார்த்தேன். அப்புறம் அந்த உப்பு. ஏழு தடவை கொட்டியதில் ஒன்றைத்தான் வைத்திருந்தார்கள். மைனியின் விரலில் இருக்கிற வெட்டுத் தழும்பு எனக்குத் தெரிந்தது. மற்ற யாருக்கும் தெரிந்திருக்காது.

விளக்கைப் போட்டதும் நந்தினி என்னை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தாள். இரண்டு வார்த்தை சொல்லுங்கம்மா என்றாள்.

வாயைத் திறந்தேன். மூச்சுதான் வந்தது. மண்டபம் முழுக்கப் புஸ் புஸ் என்று கேட்டது. உடனே எல்லோரும் கை தட்ட ஆரம்பித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் மேல் இல்லை. ஒன்றும் சொல்லாமல் நின்றதற்கு நான் எத்தனை தடவைதான் பேர் வாங்குவேன்? வாய் நிறையச் சொல்ல வைத்திருந்தவள் வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள்.

மேடையை விட்டு இறங்கினேன். மைக்கோடு நடந்தேன். கைதட்டல் நின்றுவிட்டது. கடைசி வரிசைக்குப் போய் இசக்கி மைனி முன்னால் நின்றேன். மைக்கை அவளிடம் நீட்டப் போனேன். நீட்டின கை பாதியில் நின்றது.

குனிந்தேன். முழங்கால் சொடுக்கியது, அதுவும் மைக்கில் கேட்டது. மைக்கை அவள் காலடியில் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

மண்டபத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. கிழவி கை தவறிக் கீழே போட்டுவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் தெருப் பெண்கள் மட்டும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கீழே வைத்ததை எடுத்தால் சண்டை தீர்ந்தது. எடுக்காமல் எழுந்து போனால் அதோடு முடிந்தது.

மைனி மைக்கைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். அப்புறம் என் கழுத்தைப் பார்த்தாள்.

குனிந்து எடுத்தாள்.

"நாங்க வேலைக்குப் போனா சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டோம்" என்றாள். "தாகம் இல்லாம இல்ல. குடிச்சா ஒதுங்க இடம் இல்ல. கண்ணு எட்டுத மட்டும் வெட்டவெளி. படத்துல பாத்தியளே, அழகா இருந்துச்சே, அந்த வெட்டவெளிதான்."

அதற்கு மேல் அவளை யாரும் நிறுத்த முடியவில்லை. வந்தவர்களுக்கு வைத்திருந்த டீ ஆறிப்போனது. நந்தினி கீழே தரையில் உட்கார்ந்து கேட்டாள். நடுவில் மைனி என் பக்கம் கையைக் காட்டி, "இவ பேச மாட்டா. பேசுனா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும்" என்றாள். எங்கள் தெரு முழுக்கச் சிரித்தது. நானும்தான்.

அதற்கு அடுத்த வருஷம் அளத்து ஓரத்தில் தகரத்தில் ஒரு அறை கட்டினார்கள். மைனி பேசியதால்தானா என்று தெரியாது. தண்ணீர் இல்லை, கதவு தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கும். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி காவல் நிற்க வேண்டும். அதற்கும் ஜோடி தேவைப்பட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது படம் போட்டதற்கு மறுநாள் காலையைத்தான். சட்டியை நிறைத்தேன், சும்மாட்டைச் சரிசெய்தேன், குனிந்தேன். யார் வருவார்கள் என்று பார்க்கவில்லை. டியூப் கட்டிய இரண்டு கால் முன்னால் வந்து நின்றது.

"அப்படி என்னத்தளா கடலையே பாத்துக்கிட்டு நின்ன? அந்தப் பிள்ளை கண்ணீர் விடுதா, மண்டபமே அழுவுது" என்று கேட்டாள்.

குனிந்தபடியே சொன்னேன். "கொக்கி பிஞ்சு போச்சு மைனி."

அவள் தூக்கின சட்டி பாதியில் நின்றது. மேலிருந்து உப்பு என் பிடரியில் கொட்டியது. அவள் சிரிக்கிற ஆட்டத்தில் சட்டி குலுங்கியது. "நில்லுளா, நில்லுளா" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

சிரித்து முடித்துவிட்டு ஏற்றினாள். வலது பக்கம், ஒரு விரற்கடை தள்ளி.